ராஜா துடைத்த கண்ணாடி

ஒரு பள்ளிக்கூடத்திலேயே மூன்று மாதம் தங்கிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். சென்னையில் நான் இருந்த நாடகக் குழுவுக்கு அரசாங்கத்திடமிருந்து ஒரு சிறிய உதவி கிடைத்திருந்தது. குழுவில் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி நான் ஒருத்திதான். தரங்கம்பாடியில் மிஷன் பள்ளியில் படித்து, தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவள். அதனால் கீழத்தஞ்சை என் தலையில் விழுந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா மட்டும், "அந்தப் பக்கம் சண்டை சச்சரவுன்னு பேப்பர்ல வருதேடி" என்றாள். நாடகம் கற்றுக்கொடுக்கப் போகிறவளுக்குச் சண்டையில் என்ன வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஊர் திருத்துறைப்பூண்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடக்கவேண்டும். இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கத் தொடங்கியிருந்தது. மதகுச் சுவரில் ஆளுங்கட்சியின் தேர்தல் வாசகம் பாதி அழிந்து கிடந்தது. அதன்மேலேயே சிவப்புச் சாயத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘உழுதவனை வெளியேற்றாதே.’ எழுத்தின் கீழே சாயம் வழிந்து காய்ந்திருந்தது. நான் அதைப் படித்துக்கொண்டே நடந்தேன், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் அந்த ஊர் மிராசுதாரின் அப்பா கட்டியது. இப்போது மிராசுதார்தான் தாளாளர். பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையில் தையல் டீச்சர் தங்கியிருந்தார். என்னையும் அவரோடு தங்க வைத்தார்கள். ஐம்பது வயதிருக்கும், கத்தோலிக்கர். பூண்டி மாதா படத்துக்கு முன்னால் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுவார். நான் லுத்தரன் என்று தெரிந்ததும், "பரவால்ல, ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு மாதிரி இருந்துக்கலாம்" என்று சிரித்தார். அவரை அக்கா என்றே கூப்பிட்டேன்.

முதல் வாரம் பிள்ளைகளின் உடம்பைப் பழக்கினேன். நான் ஒரு வார்த்தை சொல்வேன், அவர்கள் அதைச் சிலையாக நின்று காட்டவேண்டும். சந்தோஷம் என்றேன், எல்லாக் கைகளும் மேலே போயின. பசி என்றேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பயம் என்றேன்.

பாதிப் பிள்ளைகள், மிராசுதார் வீடிருந்த வடக்குத் தெருப் பிள்ளைகள், சினிமாவில் பார்த்ததுபோல் கண்ணை உருட்டி வாயைப் பிளந்து நின்றார்கள். மற்றப் பாதி, காலனித் தெருப் பிள்ளைகள், சட்டென்று தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். முகம் சிமென்ட் தரையோடு ஒட்டியிருந்தது. இரண்டு கைகளும் பிடரிமேல். ஒருவரிடமிருந்தும் ஒரு சத்தம் இல்லை. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"என்ன, யாருமே கத்தல? பயந்தா கத்த மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தலையை மட்டும் தூக்கினாள். கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. "கத்துனா எங்க இருக்கோம்னு தெரிஞ்சிடும் டீச்சர்" என்றாள்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பல வருஷங்களுக்கு முன்னால் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, நிலக்காரர்களின் ஆட்கள் காலனித் தெருவுக்குள் புகுந்திருக்கிறார்கள். அன்று வயலுக்குள் படுத்துத் தப்பித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அப்படிப் படுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "இப்ப மறுபடி ஆரம்பிச்சிருக்கு" என்றார் அக்கா. வாய்க்காலுக்குத் தெற்கே இருக்கும் நிலம் மிராசுதாருடையது. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் அதைச் சமையல்காரர் பேரிலும் தூரத்து உறவினர் பேரிலும் எழுதி வைத்திருந்தார். உழுவதெல்லாம் காலனித் தெருக்காரர்கள்தான், குத்தகைக்கு. அவர்கள் தங்கள் குத்தகையைத் தாலுகா ஆபீசில் பதியப் போனார்கள். நிலத்தைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டார் மிராசுதார். இந்த அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் போகிறாராம்.

"உன்கிட்ட பதில் சொல்லுச்சே ஒரு பொண்ணு, அதோட அப்பாதான் எல்லாத்துக்கும் முன்னால நிக்கிறவரு. நீ பாட்டுக்கு ஆட்டம் பாட்டுன்னு சொல்லிக் குடுத்துட்டு ஊர் போய்ச் சேரும்மா."

அந்தப் பெண் ஒல்லியாக, கறுப்பாக, எப்போதும் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவளாக இருந்தாள். இல்லாத பொருளை இருப்பதுபோல் காட்டும் பயிற்சியில் அவளுக்கு நிகரில்லை. வெறும் இடுப்பில் வெறும் கையை வளைத்து நடந்தாள். குடமும் தெரிந்தது, தளும்பும் தண்ணீரும் தெரிந்தது. நான் சென்னையில் பல மாதம் பட்ட பாட்டை அவள் ஒரு மத்தியானத்தில் செய்துவிட்டாள்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடவேண்டும். அக்கா சொன்னது மனதில் இருந்ததால், யாரையும் தொடாத ஒரு கதையைப் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டினேன். ஒரு ராஜாவுக்குத் தவளைச் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை. நாட்டிலுள்ள தவளைகளையெல்லாம் வெளியேற்றச் சொல்கிறான். தவளைகள் போனபிறகு பூச்சி பெருகிப் பயிர் முழுக்கப் பாழாகிறது. ராஜா தானே போய்த் தவளைகளைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாகிறது. தவளைக் கதையில் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ராஜா வேஷம் அந்தப் பெண்ணுக்கு. ஓர் ஒத்திகையில், தவளைகளை வெளியேற்ற உத்தரவு போடும் இடம் வந்தது. அவள் சொல்லவில்லை. நின்றாள். முகத்திலிருந்து இல்லாத மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். இல்லாத வேட்டியின் நுனியை எடுத்து நிதானமாகத் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு, மெல்லிய குரலில், "வெளியேத்துங்க" என்றாள்.

நான் உடனே கைதட்டினேன். ஆனால் என்னோடு யாரும் கைதட்டவில்லை. வடக்குத் தெருப் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க பிடிச்ச இதை?" என்றேன்.

"சும்மா வந்துச்சு டீச்சர்."

இரண்டு நாள் கழித்து மிராசுதார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. போனேன். கூடத்தில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் சாந்தமான மனிதராகத்தான் தெரிந்தார். "வாங்கம்மா, காபி சாப்பிடுங்க" என்றார். தான் தஞ்சாவூரில் படித்தபோது நாடகத்தில் பெண் வேஷம் போட்டதைச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது. காபியை வாயில் வைத்தேன்.

அப்போது அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்ன கதை போடுறீங்க?" என்று கேட்டார்.

"தவளைக் கதைங்க. சின்னப் பிள்ளைங்க கதை."

"நல்லது. ஞாயித்துக்கிழமை தரங்கம்பாடி போறீங்கபோல. திங்கக்கிழமை முதல் பஸ்ல வந்து எறங்கி, விடிஞ்சும் விடியாம வாய்க்கா கரையில தனியா நடந்து வர்றீங்கன்னு சொன்னாங்க. ஊர் முன்ன மாதிரி இல்லம்மா. நம்ம காரியக்காரரை வேணா வந்து நிக்கச் சொல்லவா?"

"வேண்டாங்க" என்றேன்.

ஆனாலும் அவருடைய நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் வந்து நின்றார். அடுத்த திங்கட்கிழமை மதகடியில் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டு நின்றார். நான் கடந்து போனதும் வண்டியைக் கிளப்பி, நான் நடக்கும் வேகத்துக்குப் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட வாசல்வரை திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

தலைமையாசிரியர் என்னைவிடப் பயந்திருந்தார். "சிறுசேமிப்பு பத்தி ஒரு நாடகம் போட்டுடலாமே, இவ்வளவு நாள் இருக்கே" என்றார். பிள்ளைகள் தவளைகளுக்கென்று பச்சைத் தாள் ஒட்டிய முகமூடிகள் செய்து முடித்திருந்தார்கள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணாடி வேண்டாம்மா. நேரா வசனத்தைச் சொல்லிடு" என்றேன். "சரி டீச்சர்" என்றாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அவளுடைய அப்பா வந்தார். வகுப்புக்குள் வராமல் வேப்பமரத்தடியில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகளை நாடகத்திலிருந்து எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

"எம் பொண்ணு என்ன வேஷம் போடுதுங்க டீச்சரம்மா?"

"ராஜா வேஷங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ராஜாவா! அந்த ராஜா என்ன பண்றாரு?"

"தவளைங்களை நாட்டைவிட்டு வெளியேத்துறாரு."

சிரிப்பு நின்றது. வாய்க்காலுக்குத் தெற்கே, பழுத்துக்கொண்டு வரும் வயலை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. நல்லா பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழா சாயங்காலம் நடந்தது. முன்வரிசை நடுவில் மிராசுதார், பக்கத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர், அதற்கடுத்துத் தலைமையாசிரியர். அவர்களுக்கு முன்னால் ஜமக்காளத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள். எல்லோருக்கும் பின்னால், கயிறு கட்டியதற்கு அப்பால், காலனித் தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள். நான் மேடை ஓரத்தில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அட்டைக் கிரீடமும் கரி மீசையுமாக வந்தாள். தவளைகள் குதித்தன, ஜனங்கள் சிரித்தார்கள். உத்தரவு போடும் இடம் வந்தது. அவள் நேராக வசனத்தைச் சொல்லவில்லை. நின்றாள். அவள் கை முகத்துக்குப் போவதை நான் பார்த்தேன். வேண்டாம் வேண்டாம் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். இல்லாத கண்ணாடி கழன்று கைக்கு வந்தது.

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. நான் அவளைப் பார்க்க முடியாமல் முன்வரிசையைப் பார்த்தேன். மிராசுதார் கையில் அவருடைய கண்ணாடி இருந்தது. வேட்டி நுனி அதன்மேல் இருந்தது. எப்போது கழற்றினாரோ, அவருக்கே தெரிந்திருக்காது. ஜமக்காளத்தில் இருந்த ஒரு குழந்தை திரும்பி அவரைப் பார்த்தது. மேடையைப் பார்த்தது. மறுபடியும் அவரைப் பார்த்தது. கலகலவென்று சிரித்தது.

அந்தச் சிரிப்பு முதலில் குழந்தைகளிடையே பரவியது. பிறகு பின்னால் போயிற்று. கயிற்றுக்கு அப்பாலிருந்து அது பெரிதாகக் கிளம்பியது. அதுவரை இருந்த அமைதியைவிட அந்தச் சிரிப்புதான் என்னைப் பயமுறுத்தியது. இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பிப் பின்னால் யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்தார். மேடையில் அவள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வெளியேத்துங்க" என்றாள்.

நாடகம் முடிந்ததும் மிராசுதார் மேடைக்குப் பின்னால் வந்தார். கைகட்டியபடி தலைமையாசிரியர்.

"ராஜா எங்க?" என்று கேட்டார்.

அவள் வந்தாள். கரி மீசை கன்னத்தில் இழுபட்டிருந்தது.

"யார் வீட்டுப் பொண்ணு நீ?"

அவள் தன் அப்பா பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

மிராசுதார் அவளைச் சிறிது நேரம் பார்த்தார். "நான் இடது கையாலதான் தொடைப்பேன். நீ வலது கையால தொடைச்சே. ஒண்ணைச் செஞ்சா சரியாப் பாத்துச் செய்யணும்" என்றார். அவ்வளவுதான். செருப்பு சத்தம் கேட்க நடந்து போய்விட்டார்.

அது பாராட்டா மிரட்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்" என்றார்.

எல்லோரும் போனபின் அவளிடம் கேட்டேன். "வேண்டாம்னு சொன்னேன்ல? ஏன் செஞ்ச?"

"செய்யக்கூடாதுன்னுதான் டீச்சர் இருந்தேன். அந்த இடம் வந்ததும் கை போயிடுச்சு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நடிப்பவர்களுக்கு அது புரியும்.

மறுநாள் தலைமையாசிரியர் என் வகுப்புகளை நிறுத்தினார். மாதக் கடைசிவரை இருந்துகொள்ளலாம், சும்மா இருந்தால் போதும் என்றார். சும்மா இருப்பதுதான் கடினமாக இருந்தது. காலனித் தெருவில் வேலி பிடுங்கப்பட்டது. ஒருவருடைய ஆடு வாய்க்காலில் செத்துக் கிடந்தது. யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பெண் வகுப்புக்கு வந்துவிட்டாளா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. மாசி பிறந்தது. வயல் முழுக்கப் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. அந்த மஞ்சளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒருநாள் காலை, பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றபோது, கதிர் அறுக்கும் கருக்கரிவாளோடு வெளியூர் ஆட்கள் நிறைந்த லாரி ஒன்று பள்ளிக்கூடத்தைக் கடந்து தெற்கே போனது. பின்னாலேயே போலீஸ் வேன். தலைமையாசிரியர் ஓடிப்போய்க் கேட்டைப் பூட்டினார். எல்லாப் பிள்ளைகளையும் பெரிய கூடத்தில் அடைத்து ஜன்னல்களைச் சாத்தினார்கள். "ஏதாவது ஆட்டம் காட்டுங்கம்மா, பிள்ளைங்க வெளியில பாய்ஞ்சிடப் போவுதுங்க" என்று என்னிடம் கெஞ்சினார்.

நான் அவர்கள் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து குரலெடுக்க இத்தனை நாள் அவர்களுக்குப் பாடம் நடத்தியவள், மீன் மாதிரி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். வெளியே விசில் ஊதியது. பெண்கள் கத்துவது கேட்டது. காலனித் தெருப் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன; ஒவ்வொருவருக்கும் அந்த வயலில் ஓர் அம்மாவோ அப்பாவோ இருந்தார்கள். ராஜா வேஷம் போட்டவளுக்கு இருவரும் இருந்தார்கள்.

அவள்தான் எழுந்து வந்தாள். என்னைத் தாண்டிப் போய் நின்றாள். "ராஜா இப்ப வயலுக்குள்ள எறங்குறாரு" என்றாள். இல்லாத வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் கால் வைத்தாள். கால் புதைந்தது. மறு காலைப் பிடுங்கினாள், வரவில்லை. அப்புறம் ஒரு நண்டு ராஜாவின் கட்டைவிரலைப் பிடித்தது. அவள் ஒற்றைக் காலில் கூடம் முழுக்கத் துள்ளினாள். முதலில் வடக்குத் தெருப் பையன் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோருமே. வெளியே சத்தம் பெரிதாக ஆக, அவள் இன்னும் உயரத் துள்ளினாள். அவளுடைய கண்கள் மட்டும் மூடிய ஜன்னலைவிட்டு நகரவில்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ மேடைகளைப் பார்த்துவிட்டேன். இவ்வளவு பயத்தோடு எதையும் பார்த்ததில்லை.

மத்தியானம் தாசில்தார் ஜீப் வந்தது. அதன்பிறகு சத்தம் அடங்கியது. வாட்ச்மேன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: அறுப்பு பாதியில் நின்றுவிட்டது. உள்ளூர் ஆட்களே மீதியை அறுத்துப் பொதுக் களத்தில் போடவேண்டும், கேஸ் முடியும்வரை யாரும் நெல்லை எடுக்கக்கூடாது என்று தாசில்தார் சொல்லியிருக்கிறார். சிலரைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அவளுடைய அப்பாவுக்குத் தலையில் அடி.

அக்காவும் நானும் அவளைத் திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவள் அப்பா வராந்தாவில் பாயில் படுத்திருந்தார். தலைக்கட்டில் ரத்தம் ஊறியிருந்தது. பக்கத்தில் அவளுடைய அம்மா, சேலை முழுக்கச் சேறு. மகளைப் பார்த்ததும் அப்பா எழ முயன்றார்.

"பள்ளிக்கூடத்துல பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"நான் பயப்படலப்பா. டீச்சர்தான் பயந்துட்டாங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போய், தையல் இழுத்து முகம் சுளித்தார். "பயப்படாம இருக்க முடியுங்களா டீச்சரம்மா. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார். நாடகத்தால்தான் இப்படி ஆயிற்றோ என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே லாரி பேசி வச்சாச்சுங்க" என்றார். அவர் எனக்காக அப்படிச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அப்போதுதான் அவள் அழுதாள். அம்மாவின் சேற்றுச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வராந்தா அதிரச் சத்தம் போட்டு அழுதாள். நர்ஸ் வந்து அதட்டினார். நாங்கள் யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் நான் கிளம்பினேன். வழக்கு பல வருஷம் இழுத்தது. குத்தகை கடைசியில் பதிவானது என்றும், மிராசுதார் குடும்பம் மீதி நிலத்தை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டது என்றும் அக்கா சொல்லித்தான் தெரியும். அந்தப் பெண் ஆசிரியர் பயிற்சி முடித்து அதிராம்பட்டினம் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பிற்பாடு ஒருமுறை பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை இருந்தது. இப்போது நாடகம் ஏதாவது போடுகிறாயா என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றேன் டீச்சர். ஆனா ஒண்ணு, ஏதாவது பிள்ளை ரொம்ப நல்லாச் செஞ்சிட்டா எனக்குப் பக்குனு ஆயிடுது" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் என்றேன். அவளுடைய பஸ் வந்துவிட்டது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு முதலில் பையை ஏற்றினாள். பிறகு படியில் நின்றபடி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.